உடற்கல்வி, உடல்நல ஆய்வுக்குப் பின்னணி ஆதாரங்களைத் தேடும் முறை

உடற்கல்வியிலோ உடல்நலத்திலோ ஆய்வைத் தொடங்கும் மாணவர்களில் பலர், தலைப்பு முடிவானதும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, தலைப்பில் உள்ள சொற்களை அப்படியே தட்டச்சு செய்து, முதல் இரண்டு பக்கங்களில் வரும் கட்டுரைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கேள்விக்கு விடை தேடியவை; துறையின் அடிப்படைகளை அறிந்தவர்தான் படிப்பார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அடிப்படை தெரியாமல் அவற்றுக்குள் நுழைபவருக்கு எந்தக் கட்டுரை முக்கியமானது, எது வழக்கத்திலிருந்து போய்விட்ட சோதனையைப் பயன்படுத்தியது, எதன் முடிவைத் தன் மாணவர்களுக்குப் பொருத்தலாம் என்பவை புலப்படுவதில்லை. ஆகவே ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு முன்பாகப் படிக்க வேண்டியவை துறை அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், கையேடுகள், உலக அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள், அரசின் கணக்கெடுப்பு அறிக்கைகள், ஒரு பொருளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீள்பார்வைக் கட்டுரைகள் ஆகியவை. இவற்றையே இங்கே பின்னணி ஆதாரங்கள் என்கிறேன்.

ஆய்வில் நாம் எழுதும் ஒவ்வொரு வரையறைக்கும், நடத்தும் ஒவ்வொரு சோதனைக்கும், ‘இதற்கு மேல் மிகை எடை’ என்பது போலப் பயன்படுத்தும் ஒவ்வோர் எல்லைக்கோட்டு எண்ணுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், குறிப்பிட்ட வயதினரை வைத்து அதை வகுத்திருக்கிறார். அந்த இடம் வரை சென்று பார்ப்பதே பின்னணித் தேடலின் முழு வேலை. இதைச் செய்யாமல் எழுதப்படும் ஆய்வேடுகள் நம் துறையில் மிகுதி என்பதையும், அந்தக் குறையை வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன்.

முறையை வெறுமனே விளக்கினால் மனத்தில் பதியாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில், அரசுப் பள்ளிகளில் படிக்கும் 13 முதல் 15 வயது வரையிலான மாணவ மாணவியரின் உடலியக்க அளவையும் இதய சுவாசத் தாங்குதிறனையும் ஆராய ஒரு எம்.பி.எட். மாணவி முடிவு செய்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதல் வேலை சொற்களின் எல்லையைத் தெரிந்துகொள்வது. உடலியக்கம், உடற்பயிற்சி, உடற்தகுதி ஆகிய மூன்றையும் அன்றாடப் பேச்சில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்துகிறோம். ஆய்வில் அவை மூன்றும் வேறு. காஸ்பெர்சன், பவல், கிறிஸ்டென்சன் ஆகிய மூவர் 1985இல் ‘பப்ளிக் ஹெல்த் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையே இந்த வேறுபாட்டுக்கு இன்றளவும் காட்டப்படும் மூலம். எலும்புத் தசைகளால் உண்டாகி ஆற்றலைச் செலவழிக்கச் செய்யும் எந்த உடல் அசைவும் உடலியக்கம். அதற்குள் திட்டமிட்டும், ஒழுங்கமைத்தும், திரும்பத் திரும்பவும், உடற்தகுதியை மேம்படுத்தவோ காக்கவோ செய்யப்படும் பகுதி உடற்பயிற்சி. உடற்தகுதி என்பது ஒருவரிடம் இருக்கிற, அல்லது அவர் அடைகிற பண்புகளின் தொகுதி. இந்த வேறுபாடு தெளிவானால் நம் மாணவிக்கு ஒன்று உடனே விளங்கும். அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு தனிப் பொருள்கள். முதலாவதை வினாப்படிவத்தாலோ, உடலில் அணிந்து அசைவைப் பதியும் முடுக்கமானியாலோ அளக்க வேண்டும். இரண்டாவதை ஓட்டச் சோதனையால் அளக்க வேண்டும். பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் சைக்கிளில் வரும் மாணவி உடற்பயிற்சி வகுப்பைத் தவறவிட்டாலும் உடலியக்கம் மிகுந்தவராக இருக்கலாம். இப்படிப்பட்டவரை வினாப்படிவம் தவறவிடக் கூடாது என்ற எச்சரிக்கை, கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பே வரையறையிலிருந்து கிடைத்துவிடுகிறது.

இத்தகைய வரையறைகளுக்கு முதலில் நாட வேண்டியது ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் விளையாட்டு அறிவியல், மருத்துவ அகராதி போன்ற துறை அகராதி ஒன்று. பொது அகராதி இதற்குப் பயன்படாது. அகராதி பொருளைச் சொல்லும்; கலைக்களஞ்சியமும் கையேடும் அந்தப் பொருளைச் சுற்றி நடந்த விவாதத்தைச் சொல்லும், பதிவின் இறுதியில் மேற்கொண்டு படிக்க வேண்டியவற்றையும் காட்டும். அந்த இறுதிப் பட்டியலுக்காகவே கலைக்களஞ்சியத்தைத் திறக்கலாம் என்பது என் கருத்து. விக்கிப்பீடியாவையும் இதே வழியில் பயன்படுத்தலாம்: பதிவைப் படித்துத் துறையின் பரப்பைத் தெரிந்துகொண்டு, அடிக்குறிப்பில் உள்ள மூலங்களுக்குச் செல்ல வேண்டும், ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டக் கூடாது.

வரையறையின் ஆண்டைக் குறிப்பிடுவதில்கூட கவனம் தேவை. உடல்நலம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் புகழ்பெற்ற வரையறை, நோயின்மை மட்டுமன்றி உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றிலும் முழு நலத்தோடு இருக்கும் நிலை என்பது, அந்நிறுவனத்தின் அமைப்புச் சட்ட முன்னுரையில் உள்ளது. அந்தச் சட்டம் 1946 ஜூலை 22 அன்று நியூயார்க்கில் கையெழுத்தானது. 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. சில ஆய்வேடுகள் முதல் ஆண்டையும் சில இரண்டாவதையும் தருவதன் காரணம் இதுதான். எந்த ஆண்டைத் தருகிறோம், எதைக் கருதித் தருகிறோம் என்பதை எழுதுபவர் தெரிந்து எழுத வேண்டும்.

அடுத்தது தேடுசொற்கள். நம் துறையின் பெயர்களே காலந்தோறும் மாறியிருக்கின்றன. அமெரிக்காவில் உடற்கல்விப் பல்கலைக்கழகத் துறைகள் பல ‘கினீசியாலஜி’ என்றும் ‘எக்ஸர்சைஸ் சயின்ஸ்’ என்றும் பெயர் மாற்றிக்கொண்டன. நம் பாடநூல்களில் ‘ஆஃபர்’ என்று வரும், உடல்நலம், உடற்கல்வி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான அமெரிக்க அமைப்பு 1979இல் பெயரில் நடனத்தையும் சேர்த்து ‘ஆஃபர்டு’ ஆயிற்று. இன்று அதன் பெயர் ‘ஷேப் அமெரிக்கா’. அது 1930இல் தொடங்கிய ‘ரிசர்ச் குவார்ட்டர்லி’ இதழ் 1980 முதல் ‘ரிசர்ச் குவார்ட்டர்லி ஃபார் எக்ஸர்சைஸ் அண்ட் ஸ்போர்ட்’ என்ற பெயரில் வருகிறது. பழைய பெயரை மட்டும் தேடுபவருக்குப் புதிய கட்டுரைகள் கிடைக்காது. புதிய பெயரை மட்டும் தேடுபவருக்குச் சோதனைகள் பிறந்த காலத்துக் கட்டுரைகள் கிடைக்காது.

இதற்கு நல்ல துணை, மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளத்தோடு இணைந்த ‘மெஷ்’ என்ற கட்டுப்படுத்தப்பட்ட சொல்தொகுதி. அதில் ஒரு சொல்லைத் தேடினால் அதன் சுருக்கமான பொருள், அதற்கு இணையாக வழங்கும் மற்றச் சொற்கள், அதற்கு மேலும் கீழும் உள்ள சொற்களின் கிளைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். உடற்கல்வியைக் கல்வியியல் பக்கமிருந்து அணுகுபவர்கள் அமெரிக்கக் கல்வித் துறையின் ‘எரிக்’ தரவுத்தளத்தையும் அதன் சொற்களஞ்சியத்தையும் இதேபோல் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை. ‘ஸ்போர்ட்டிஸ்கஸ்’ நம் துறைக்கே உரிய பெரிய தரவுத்தளம். ஆனால் சந்தா கட்டிய நூலகத்தில்தான் கிடைக்கும். ஒரு தாளில் நம் தலைப்பின் ஒவ்வொரு கருத்துக்கும் நேராக ஆங்கிலத்தில் வழங்கும் எல்லாச் சொற்களையும் எழுதிவைத்துக்கொண்டால், பிறகு கட்டுரை தேடும்போது அந்தத் தாள் பலமுறை கைகொடுக்கும்.

இப்போது, மற்ற எதையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய இடத்துக்கு வருகிறோம். அது சோதனையின் வரலாறு.

நம் மாணவி தாங்குதிறனை அளக்க ஒரு சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு முன்னே அமெரிக்க மருத்துவர் கூப்பரின் 12 நிமிட ஓட்டம், 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கிடையே ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டி ஓடும் 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் என்ற ‘பீப் டெஸ்ட்’, 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை ஆகிய மூன்றும் உள்ளன. மூன்றுமே நம் ஊரில் நடத்தப்படுபவை. எது ஏற்றது என்று கேட்டால், மூத்த மாணவர்கள் எதைப் பயன்படுத்தினார்களோ அதையே சொல்வது வழக்கம். அதற்கு மாறாக ஒவ்வொன்றின் பிறப்பிடத்துக்கும் போய்ப் பார்க்கலாம்.

கூப்பர் தம் சோதனையை 1968இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அவர் ஓடச் செய்தவர்கள் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஆண்கள். அவர்கள் ஓடிய தூரத்துக்கும் ஆய்வகத்தில் அளந்த ஆக்சிஜன் உட்கொள்ளளவுக்கும் இடையே இருந்த தொடர்பிலிருந்து பிறந்த சமன்பாட்டை 13 வயது மாணவிக்கு அப்படியே பொருத்தினால் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

ஷட்டில் ஓட்டத்தின் கதை இன்னும் நுட்பமானது. கனடாவின் மொன்றியலைச் சேர்ந்த லெழேயும் லாம்பெர்ட்டும் 1982இல் அதை வெளியிட்டபோது ஒவ்வொரு கட்டமும் இரண்டு நிமிடம் நீடித்தது. 1988இல் லெழேயும் அவர் குழுவினரும் சிறுவர்களுக்கும் ஏற்றவாறு ஒரு நிமிடக் கட்டங்களாக அதை மாற்றி வெளியிட்டார்கள், மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு 0.5 கிலோமீட்டர் கூடும். 8 கிலோமீட்டரில் தொடங்கி அடுத்த கட்டத்தில் 9 கிலோமீட்டருக்குத் தாவும் வேறொரு வடிவமும் வழக்கில் உள்ளது. இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவு இவற்றில் எந்த வடிவத்துக்கு உரியது என்று பாராமல் ஓடவிட்டால், மாணவர் எட்டிய கட்டத்தின் எண்ணை எந்த அட்டவணையோடும் ஒப்பிட முடியாது. சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கோ நல்ல ஒப்பீட்டு ஆதாரம் காத்திருக்கிறது: 50 நாடுகளைச் சேர்ந்த, 9 முதல் 17 வயது வரையிலான 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஷட்டில் ஓட்ட முடிவுகளைத் தொகுத்து, வயதுவாரியாகவும் பாலினவாரியாகவும் அட்டவணையிட்ட கட்டுரை ஒன்று 2017இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. அதில் வெவ்வேறு வடிவங்களில் எடுத்த முடிவுகளை ஒரே அளவுகோலுக்கு எப்படி மாற்றினார்கள் என்ற பகுதியை மட்டும் படித்தாலும் பெரும் பயன் உண்டு.

600 மீட்டர் ஓட்டம் மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 9 வயதுக்கு மேற்பட்டோருக்கு இடம்பெற்றிருப்பதால் நம் பள்ளிகளுக்கு நன்கு அறிமுகமானது. ஆனால் பழைய நூல்களில் உள்ள ஒப்பீட்டு அட்டவணைகள் ஆஃபர் இளைஞர் உடற்தகுதிச் சோதனையின் 600 கெஜ ஓட்டத்துக்கு உரியவை. 600 கெஜம் என்பது சுமார் 549 மீட்டர். ஐம்பது மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓடிய மாணவியின் நேரத்தைக் குறைந்த தூரத்துக்கான அட்டவணையில் வைத்தால் அவர் உள்ளதைவிடப் பின்தங்கியவராகவே தெரிவார். இது சிறு விவரம் போலத் தோன்றலாம். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் தகுதி குறைந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடும் வலிமை இந்தச் சிறு விவரத்துக்கு உண்டு.

அந்த ஆஃபர் சோதனை ஏன் தோன்றியது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1954இல் கிராஸும் ஹிர்ஷ்லாண்டும் வெளியிட்ட கட்டுரையில், ஆறு உருப்படிகள் கொண்ட கிராஸ்-வெபர் சோதனையில் அமெரிக்கக் குழந்தைகளில் 57.9 விழுக்காட்டினர் தோல்வியுற்றதாகவும், ஐரோப்பியக் குழந்தைகளில் 8.7 விழுக்காட்டினரே தோல்வியுற்றதாகவும் காட்டினார்கள். நாடே கலங்கியது, 1956இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இளைஞர் உடற்தகுதிக்கென ஒரு மன்றத்தை அமைத்தார், 1958இல் ஆஃபர் சோதனை வெளிவந்தது. முதுகுவலி நோயாளிகளைப் பரிசோதிப்பதிலிருந்து உருவான கிராஸ்-வெபர் சோதனையோ உடற்பகுதித் தசைகளின் குறைந்தபட்ச வலிமையையும் வளைதிறனையும்தான் பார்க்கிறது. தாங்குதிறனை அளக்கும் உருப்படி அதில் ஒன்றும் இல்லை. அதன் முடிவை ஒட்டுமொத்த உடற்தகுதியின் முடிவாக எழுதும் வரிகளை ஆய்வேடுகளில் காணும்போதெல்லாம், மூலக் கட்டுரையை யாரும் திறந்து பார்க்கவில்லையே என்ற வருத்தம் எழுகிறது.

சோதனைக்குச் செய்ததையே எல்லைக்கோட்டு எண்களுக்கும் செய்ய வேண்டும். இங்கே முக்கியமான ஆதாரம் உலக சுகாதார நிறுவனத்தின் உடலியக்க வழிகாட்டு நெறிகள். 2010இல் வந்த பதிப்பு, 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் குறைந்தது 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றது. 2020 பதிப்பு, வாரம் முழுவதற்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று மாற்றியது. மாற்றம் சிறிதுதான், ஆனால் வாரத்தில் ஐந்து நாள் 90 நிமிடம் விளையாடி இரண்டு நாள் ஓய்வெடுக்கும் மாணவர் பழைய நெறியின்படி போதிய இயக்கமில்லாதவர், புதிய நெறியின்படி போதிய இயக்கமுள்ளவர். 2010க்கும் 2020க்கும் இடைப்பட்ட ஆய்வுகளின் விழுக்காடுகளைத் தம் முடிவுகளோடு ஒப்பிடுபவர் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. 11 முதல் 17 வயது வரையிலானோரில் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கமின்றி இருக்கிறார்கள் என்று பரவலாக எடுத்தாளப்படும் எண்ணும், நாள்தோறும் 60 நிமிடம் என்ற அளவை வைத்து 146 நாடுகளின் 2016 வரையிலான கணக்கெடுப்புகளிலிருந்து பெறப்பட்டதே.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். மிகை எடைக்கும் உடற்பருமனுக்கும் பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகளை 14 வயதினருக்குப் பொருத்தக் கூடாது என்பதில் ஐயமில்லை. சிறுவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணை 5 முதல் 19 வயது வரைக்கும் உள்ளது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட அட்டவணை 5 முதல் 18 வயது வரைக்கும் உள்ளது. ஆசியர்களின் உடலமைப்பைக் கருதி, பெரியவர்களின் 23, 27 ஆகிய அளவுகளுக்கு இணையான கோடுகளை இரண்டாவது அட்டவணை எல்லையாகக் கொள்கிறது. ஒரே மாணவர் ஓர் அட்டவணையில் இயல்பு எடையிலும் மற்றொன்றில் மிகை எடையிலும் விழக்கூடும். எதைப் பயன்படுத்தினோம், ஏன் என்பதற்கு ஆய்வேட்டில் இரண்டு வரி ஒதுக்கினால் போதும். அந்த இரண்டு வரியை எழுத இரண்டு அட்டவணைகளின் முன்னுரையையும் படித்திருக்க வேண்டும்.

செயல்களின் ஆற்றல் செலவை ஓய்வுநிலைச் செலவின் மடங்காகக் காட்டும் ‘மெட்’ மதிப்புகளைப் பயன்படுத்துபவர்கள், 1993இல் முதலில் வெளிவந்து 2000, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட உடலியக்கத் தொகுப்பை நாடுவார்கள். அது பெரியவர்களுக்கானது. சிறுவர்களுக்கென 2018இல் தனித் தொகுப்பு வந்துள்ளது.

அடுத்துக் கணக்கெடுப்புகள். முன்னுரையில் சிக்கலின் அளவைக் காட்ட எண்கள் வேண்டும்; அந்த எண்களைச் செய்தித்தாளிலிருந்து எடுக்காமல் மூல அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது; மாவட்டவாரியான சுருக்க அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மிகை எடையைத் தவிர்த்தால், மிகை எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை பற்றிய எண்கள் 15 வயதிலிருந்துதான் தொடங்குகின்றன. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு 19 வயது வரையிலான குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் எடுத்துக்கொண்டது. 2017-18இல் நடந்த தேசியத் தொற்றாநோய்க் கண்காணிப்புக் கணக்கெடுப்பு பெரியவர்களோடு 15 முதல் 17 வயதினரின் உடலியக்கத்தையும் கேட்டறிந்தது. பள்ளி மாணவர்களுக்கான உலக உடல்நலக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2007இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் நடந்தது.

நம் மாணவி இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாம் ஆராயப்போகும் பிள்ளைகளுக்கு, அதாவது மாநில அரசுப் பள்ளியில் படிக்கும் 13 முதல் 15 வயதினரின் உடலியக்கத்துக்கு, இவற்றில் ஒன்றும் நேராகப் பொருந்தவில்லை என்பதைக் காண்பார். இதனால் சோர்வடைய வேண்டியதில்லை. தம் ஆய்வு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் அவருக்குக் கிடைக்காது. ஆய்வு இடைவெளி என்ற தலைப்பின் கீழ் வழக்கமாக எழுதப்படும் ‘இத்துறையில் ஆய்வுகள் குறைவு’ என்ற வெற்று வரிக்குப் பதிலாக, எந்தக் கணக்கெடுப்பு எந்த வயதையும் எந்தப் பள்ளிகளையும் விட்டுவிட்டது என்று பெயர், ஆண்டோடு அவரால் எழுத முடியும்.

யோகப் பயிற்சியின் விளைவை ஆராய்பவர்கள் நம் மாநிலத்தில் மிகப் பலர் என்பதால் அவர்களுக்கும் ஒரு சொல். யோகத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த முயற்சியின் தொடக்கத்தைத் தேடினால் லோனாவாலாவில் குவலயானந்தர் 1924இல் நிறுவிய கைவல்யதாமத்துக்கும், அதே ஆண்டில் தொடங்கிய ‘யோக மீமாம்சா’ இதழுக்கும் போய்ச் சேரலாம். உடற்கல்விப் பயிற்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியையும், 1957இல் குவாலியரில் தொடங்கிய லட்சுமிபாய் கல்லூரியையும் பற்றி அக்காலத்து ஆண்டறிக்கைகளையும் ஆவணங்களையும் தேட வேண்டும். பிற்காலப் பாடநூல்களின் வரலாற்று அத்தியாயங்கள் ஒன்றை ஒன்று பார்த்து எழுதப்பட்டவையாக இருக்கின்றன.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் இணையத்தில் படிக்கலாம். அதில் உள்ள உடலியல் செய்திகள் பழையவை. ஆனால் ஒரு கருத்தைத் தெளிந்த தமிழில் எப்படி விளக்கலாம் என்பதற்கு இன்றும் அது நல்ல முன்மாதிரி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் இதற்குப் பிந்தியவை. கபடி, சடுகுடு, சிலம்பம் போன்ற நம் விளையாட்டுகளை ஆராய்பவர்களுக்கு, ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களைவிடத் தமிழ்க் களஞ்சியங்களும் நாட்டுப்புறவியல் ஆய்வுகளும் கூடுதலாக உதவும்.

இவற்றையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது? பார்வை நூல்களைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். குறிப்புதவிப் பிரிவிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் நூலகமும், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி நூலகமும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் நூலகங்களும் நம் துறைக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. வெளிக் கல்லூரி மாணவர்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு சென்று அனுமதி கேட்பது நல்லது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லோருக்கும் திறந்தது. எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று என்பதால், வேறெங்கும் கிடைக்காத பழைய இந்தியப் பதிப்புகளை அங்கே தேடலாம்.

ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் பப்மெட் சென்ட்ரல் போன்ற திறந்த களஞ்சியங்களை நாடலாம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், பலர் மறுக்காமல் அனுப்புகிறார்கள். உங்கள் நூலகம் நூலகங்களை இணைக்கும் டெல்நெட் வலையமைப்பின் உறுப்பினராக இருந்தால் பிற நூலகங்களின் நூல்களையும் வரவழைத்துத் தருவார்கள். நூலகரிடம் ‘உடற்கல்வி பற்றிப் புத்தகம் வேண்டும்’ என்று கேட்பதைவிட, ‘13 வயதினருக்கான ஷட்டில் ஓட்ட ஒப்பீட்டு அட்டவணை வேண்டும்’ என்று கேட்டால் அவரால் உண்மையாக உதவ முடியும்.

சோத்கங்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழு வடிவில் கிடைக்கின்றன. உடற்கல்வி ஆய்வேடுகளும் ஏராளம். நம் மண்ணில், நம் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட தரவுகள் அவற்றில்தான் உள்ளன என்பதால் இதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் பின்னணி ஆதாரமாக அதைப் பயன்படுத்தும் வழி ஒன்றுதான். இறுதியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்து மூலங்களைக் குறித்துக்கொண்டு, அந்த மூலங்களைத் தேடிச் செல்ல வேண்டும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் உள்ள வரையறையை மூலத்தைப் பார்த்ததுபோல எடுத்து எழுதக் கூடாது. ஒரே வரையறை, ஒரே எழுத்துப்பிழையோடு, பல ஆய்வேடுகளில் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன்; முதலில் எழுதியவரின் பிழை பின்வந்த எல்லோரின் பிழையாகவும் ஆகிவிட்டது. மூலம் எவ்வளவு முயன்றும் கிடைக்காவிட்டால், இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது என்று உள்ளபடியே எழுதுவது நேர்மையானது.

மீள்பார்வைக் கட்டுரைகளைக் கடைசியாகத் தேடுங்கள். பின்னணிக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கும் இடையிலான பாலம் அவை. பள்ளிகளில் நடத்தப்படும் உடலியக்கத் திட்டங்கள் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீள்பார்வை 2009இல் வெளிவந்து, 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டுள்ளது. இப்படிப் புதுப்பிக்கப்படும் ஆதாரங்களில் அண்மைப் பதிப்பையே எடுக்க வேண்டும். மேற்கோள் காட்டப்போகும் கட்டுரை எதுவும் பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்பதை அதன் பப்மெட் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் அங்கே தெளிவாகக் குறித்திருப்பார்கள்.

படிக்கும்போதே குறிப்பெடுக்க ஒரு எளிய படிவம் போதும். வரையறை, சோதனை, எல்லை எண், கணக்கெடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி; அந்த வரியில் யார் வகுத்தார், எந்த ஆண்டு, எந்த வயதினரை வைத்து, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், நான் மூலத்தையே பார்த்தேனா என்ற ஆறு செய்திகள். ஸோட்டரோ போன்ற இலவச மென்பொருளில் நூல்விவரங்களைச் சேர்த்துவைத்தால் இறுதியில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலை குறையும். ஆனால் கடைசிச் செய்தியை மென்பொருள் நிரப்பாது, நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எழும். புதிதாகத் திறக்கும் கையேடுகளும் மீள்பார்வைகளும் நீங்கள் ஏற்கெனவே குறித்துவைத்த அதே மூலங்களையே சுட்டத் தொடங்கும்போது பின்னணித் தேடல் போதுமானது என்று கொள்ளலாம். அந்தப் படிவத்தை, மாணவர்களை ஓடவிடுவதற்கும் மதிப்பெண் தாள் அச்சிடுவதற்கும் முன்பே, நெறியாளரிடம் காட்டுங்கள்; சோதனையின் வடிவத்தையோ எல்லை அட்டவணையையோ மாற்ற வேண்டியிருந்தால் அப்போது மாற்றுவது எளிது, தரவு திரட்டிய பின் இயலாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் வழிகாட்டு நெறிகளின் பதிப்பு ஆண்டுகளை மட்டும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, இடையில் புதிய பதிப்பு வந்திருந்தால், உங்கள் தரவு எந்தப் பதிப்பின்படி பகுக்கப்பட்டது என்பதை வரம்புகள் பகுதியில் எழுதிவிடுங்கள்.